கிடைக்காத ஊசிமுனை

ஊசி உடைவது எங்கள் தையல் லைனில் ஒரு விஷயமே இல்லை. ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். அந்தத் தோலைத் தைக்கும்போது மடிப்பு கொஞ்சம் தடித்திருந்தாலோ, கை சற்றே இழுத்துவிட்டாலோ ஊசி டக்கென்று போய்விடும். அதற்குப் பதில் புது ஊசி வாங்குவதுதான் பெரும்பாடு. உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, ஓர் அட்டையில் வரிசையாக வைத்து, மேலே டேப் ஒட்டி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். துண்டுகளைச் சேர்த்தால் முழு ஊசி வர வேண்டும். ஒரு துளி குறைந்தாலும் லைன் நிற்கும். எந்த நாட்டிலோ எந்தக் குழந்தையின் காலிலோ அந்தத் துண்டு ஏறிவிடக் கூடாது என்பதற்காக இந்தச் சட்டம். நியாயமான சட்டம்தான், குறை சொல்லவில்லை. எங்கள் விரலில் ஏறினால் என்ன என்று யாரும் கேட்டதில்லை, அது வேறு கதை.

ஆம்பூர் பக்கம் அந்த ஷூ கம்பெனியில் நான் சேர்ந்தபோது என் மகள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். இப்போது பத்தாவது படிக்கிறாள். என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய டிரம் பக்கத்தில் வேலை. நல்ல உயரம், நல்ல பலம், பேச்சு மட்டும் ரொம்பக் கம்மி. அவர் பங்கையும் சேர்த்து நான்தான் பேசுவேன். எங்கள் தெருவில் யாருக்கும் என் வாயைக் கண்டால் கொஞ்சம் பயம் உண்டு. எனக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்று நானே நினைத்ததில்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இடது கை ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிவிட்டது. நகத்தின் ஓரமாக இறங்கி அந்தப் பக்கம் வந்து உடைந்தது. நான் கத்தக்கூட இல்லை. விரலில் ஊசி வாங்காதவள் எங்கள் லைனில் யாரும் கிடையாது. மெஷினை நிறுத்தி, கையை இழுத்துக்கொண்டு, நர்ஸம்மா ரூமுக்குப் போய்க் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் என் மெஷினைச் சுற்றி ஒரே கூட்டம். மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு அப்பரில் குத்தி நின்றது. முனையை மட்டும் காணோம்.

காந்தக் கட்டையால் தரையைத் துழாவினார்கள். மேஜைக்குக் கீழே, செருப்புக்கு அடியில், கோட்டுப் பையில், என் தலைமுடியில்கூடத் தேடினார்கள். காலையிலிருந்து நான் தைத்த அப்பர் எல்லாம் பெட்டியோடு, இரும்பு இருந்தால் கத்துகிற டிடெக்டர் மெஷினுக்குப் போயின. எதற்கும் மெஷின் கத்தவில்லை. சூப்பர்வைசர் என்னைவிடச் சின்னவன். கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்கம்மா போச்சு முனை? ஷூவுலயும் இல்ல, தரையிலயும் இல்ல. அப்ப உங்க கைக்குள்ளதான் இருக்கும் போங்க."

கடுப்பில் சொன்ன பேச்சு. சொன்ன கையோடு அவன் மறந்தும் இருப்பான். மேலிடத்தில் யார் யாரிடமோ கேட்டு லைனை ஓட விட்டார்கள். எனக்குப் புது ஊசி வந்தது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால், உடம்பில் ஏறிய ஊசி என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அது ரத்தத்தோடு போகும். போய்ப் போய் ஒருநாள் நெஞ்சில் குத்தும். அதோடு ஆள் காலி. பட்டன் தைத்துவிட்டு ஊசியைத் தரையில் போட்டால் எங்கம்மா இதைச் சொல்லித்தான் முதுகில் ஒன்று வைப்பாள். நானும் என் மகளிடம் அதையேதான் சொல்லி வளர்த்திருக்கிறேன். யாரும் அதைச் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எனக்கு முன்னாலேயே சேதி ஏறி உட்கார்ந்திருந்தது. ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். வாலாஜாவில் ஒருத்தியின் ஓர்ப்படிக்குக் காலில் ஏறிய ஊசி வருஷக்கணக்கில் ஊர்ந்து தோளுக்கு வந்து நின்றதாம். சோளிங்கரில் ஒருவர் மலைப்படி ஏறிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவே இல்லையாம். உள்ளே பார்த்தால் ஊசியாம். ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான் எல்லாரும். ஒவ்வொருத்தியும் ஒரு பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டுவிட்டு அவளவள் ஸ்டாப்பிங்கில் இறங்கிப் போனாள்.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் "வேலைய உட்டுடு" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். விரல் கட்டைப் பார்த்து "இன்னா ஆச்சு?" என்றார். "ஊசி" என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சில நாள் கழித்து அது வந்தது. லைனில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு காரணமும் இல்லை, நெஞ்சு திடும் திடும் என்று அடிக்க ஆரம்பித்தது. ஓடி வந்தால் அடிக்குமே, அப்படி இல்லை. உள்ளேயிருந்து யாரோ கதவை உடைக்கிற மாதிரி. உள்ளங்கை வேர்த்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்ச் சுருசுருவென்றது. மூச்சை இழுக்கிறேன், பாதி வழியில் நிற்கிறது, அடிவரை இறங்க மாட்டேன் என்கிறது. சுற்றிலும் அத்தனை மெஷின் ஓடுகிற சத்தம் தூரத்தில் எங்கேயோ கேட்டது. முனை வந்து சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இத்தனை சீக்கிரமா என்று அதிர்ந்து போய் உட்கார்ந்திருந்தேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பூட்டிய வீட்டின் முன்னால் நிற்பாளே என்ற ஒரு நினைப்புதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ரவிக்கை முழுக்க நனைந்திருக்க, மறுபடியும் அப்பரை எடுத்துத் தைத்தேன். அடுத்து எப்போது வரும் என்று அந்த நிமிஷத்திலிருந்து காவல் காக்க ஆரம்பித்தேன். அது வந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில் வந்தது, ரேஷன் கடை வரிசையில் வந்தது, ஒருநாள் தோசைக்கல் முன்னால் வந்தது.

அதன் பிறகு நான் செய்த கூத்தையெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பதறவும் செய்கிறது. ஊசி மேலே ஏறாமல் இருக்க இடது கையை எப்போதும் தொங்க விட்டே வைத்திருந்தேன். பஸ்ஸில் மேல் கம்பியை வலது கையால்தான் பிடிப்பேன். படுக்கும்போது கட்டிலின் ஓரத்தில் கையைக் கீழே தொங்கப் போட்டுக்கொள்வேன். அதுவும் போதாது என்று, ஷூவுக்குள் வைத்துத் தைக்கிற எலாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்து, ரவிக்கைக் கைக்குள் மறைத்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். வழியை அடைத்துவிட்டால் எப்படிப் போகும் என்று கணக்கு. கை வீங்கியது, விரல் நீலமாகியது. அந்த நீலத்தைப் பார்த்து ஊசியின் விஷம் ஏறுகிறது என்று இன்னும் பயந்தேன். அறிவு எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

மகளுக்கு வேறு பாடம் எடுக்க ஆரம்பித்தேன். சிலிண்டர் மாற்றுவது எப்படி, குழம்புக்குப் புளி எவ்வளவு, அப்பாவின் வேலைத் துணியைத் தனியாக ஏன் துவைக்க வேண்டும், என் கம்மல் எந்த டப்பாவில் இருக்கிறது. "இன்னாம்மா, எங்கயாவது ஊருக்குப் போறியா?" என்று கேட்டாள். பரீட்சை வைத்துக்கொண்டு எதற்கு இதெல்லாம் என்று முகத்தைச் சுளித்தாள். பளாரென்று ஒரு அறை விட்டேன். விட்ட பிறகு அவளைவிட நான்தான் அதிர்ந்து நின்றேன். அதுவரை நான் அவளைக் கன்னத்தில் அடித்ததே இல்லை.

எங்கள் லைனின் கடைசியில் செக்கிங் அக்கா உட்காருவார். ஆம்பூர்க்காரர், முஸ்லிம். தைத்து வருகிற அப்பரையெல்லாம் கையில் பிடிக்கிற சின்ன டிடெக்டரால் தடவிப் பார்ப்பது அவர் வேலை. நான் வாடிப்போவதை அவர்தான் முதலில் கவனித்தார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எல்லாரும் கேண்டீனுக்குப் போன பிறகு என்னைப் பிடித்து நிறுத்தி, "இன்னாடி ஆச்சு உனக்கு? சொல்லாத போனா இங்கருந்து உட மாட்டேன்" என்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட பைத்தியக்காரி, இதுக்கா இத்தினி பேஜாரு? மெஷின் கையில வச்சிக்கினு நான் இன்னாத்துக்கு இருக்கேன்? கைய நீட்டு."

நீட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது எவ்வளவு பெரிய யோசனையாகத் தெரிந்தது தெரியுமா? தோலில் ஊசி இருந்தால் கண்டுபிடிக்கிற மெஷின், என் தோலும் தோல்தானே. அக்கா விரல் நுனியில் வைத்தார். சத்தம் இல்லை. மணிக்கட்டில் வைத்தார், முழங்கையில் வைத்தார், தோளில் வைத்தார். சத்தம் இல்லை. எனக்கு உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே, "பாத்தியா, ஒண்ணியும் இல்ல" என்று சொல்லி, ஒரு பேச்சுக்கு அதை என் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தார்.

கீ என்று கத்தியது.

அக்கா கையை எடுத்தார். சத்தம் நின்றது. மறுபடி வைத்தார். மறுபடியும் கத்தியது.

"யா அல்லா!" என்றார் அக்கா. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகம்தான் நான் கடைசியாகப் பார்த்தது. அப்படியே சரிந்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது கம்பெனி வேனில் வேலூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். தலை அக்கா மடியில். அவர் என் நெற்றியைத் தடவிக்கொண்டே வாய்க்குள் ஓதிக்கொண்டு வந்தார். வழியில் அக்காவைப் போன் எடுத்து என் வீட்டுக்காரரிடம், சுகர் கம்மியாகி மயக்கம் வந்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். சாகப்போகிற நேரத்திலும் அவருக்கு ஒளித்தேன்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் ஒரு பொண்ணு துணி மாற்றுகிற ரூமைக் காட்டி, "கழுத்துல இருக்கிறதெல்லாம் கழட்டிட்டு வாங்கம்மா" என்றாள். தாலியைக் கழட்ட எனக்கு மனசே வரவில்லை. சாகும்போது கழுத்தில் அது இருக்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். அக்காதான் அதட்டிக் கழட்ட வைத்தார். சரடை உருவி அவர் கையில் கொடுத்தேன். எல்லாப் பொம்பளைகளும் மாட்டுவதுபோல நானும் தாலிச் சரட்டில் சேஃப்டி பின்களைக் கொத்தாக மாட்டி வைத்திருந்தேன். புடவைக்கு, பிளீட்டுக்கு, அறுந்த செருப்புக்கு என்று எப்போதும் வேண்டியிருக்குமே. அக்கா அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் ரவிக்கைக் கொக்கிகளைப் பார்த்தார்.

"ஏன்டி," என்றார் மெதுவாக, "இதுக்கா அது கத்திச்சு?"

எக்ஸ்ரேக்காரப் பொண்ணு என்னவென்று கேட்டாள். அக்கா சொன்னார். அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "இத்தனை பின்னை மாட்டிக்கிட்டு மெஷினை வச்சா அது கத்தாம பாட்டா பாடும்?" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆண்டுக்கணக்கில் டிடெக்டர் பிடிக்கிறவர் ஒருத்தர், ஆண்டுக்கணக்கில் ஊசியோடு வாழ்கிறவள் ஒருத்தி, எங்களுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

கையிலும் ஊசி இல்லை, நெஞ்சிலும் இல்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டினார். எலும்பெல்லாம் பளிச்சென்று இருந்தது. எலாஸ்டிக் கட்டிய தடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கையே போயிருக்கும்மா" என்று திட்டினார். திட்டு இனித்தது. வரும் வழியில் அக்காவும் நானும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். அன்று சாயங்காலம் பூரா நான் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தேன். மகளுக்குப் பிடித்த கேசரி கிண்டினேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் மெயின் ரோட்டுக்கு வந்தது. நெஞ்சு திடும் என்றது.

என் வாழ்க்கையில் அதைப் போல ஓர் அதிர்ச்சி இல்லை. டிடெக்டர் கத்தியபோதுகூட ஒரு காரணம் இருந்தது. இப்போது என்ன காரணம்? ஊசிதான் இல்லையே, படத்தைக் கண்ணால் பார்த்தேனே. "ஊசி இல்ல, ஊசி இல்ல" என்று வாய்விட்டே சொன்னேன். நெஞ்சு கேட்கவில்லை. அதே வேர்வை, அதே மரத்துப்போன விரல், பாதியில் நிற்கிற அதே மூச்சு. ஊசி இருந்தபோதாவது எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிந்தது.

திரும்ப அதே டாக்டரிடம் போனேன். இதயத்துக்குப் படம் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, ஒரு சீட்டு எழுதி, மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நெஞ்சு அடிச்சிக்குதுன்னு வந்தா பைத்தியம்னு அனுப்புவீங்களா? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று அந்த ரூமே அதிரக் கத்தினேன். வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பொறுமையாக, "போய்ப் பேசிட்டு மட்டும் வாங்கம்மா. அப்புறம் வந்து என்னைத் திட்டுங்க" என்றார். திட்டுவதற்காகவே போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அங்கே ஒரு பொம்பளை டாக்டர். வயது என்னைவிடக் கம்மிதான் இருக்கும். முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார். சேஃப்டி பின் வந்த இடத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

"அந்த மெஷின் பொய் சொல்லலம்மா. நெஜமாவே கத்துச்சு. உங்க நெஞ்சும் அப்படித்தான். அடிச்சுக்கறது நெஜம், மூச்சு முட்டறது நெஜம், எல்லாமே நெஜம். ஊசி மட்டும்தான் இல்ல."

"அப்ப எதுக்கு மேடம் கத்துது?"

"அதைத்தான் தேடணும். ஊசி உடையறதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க?"

"சூப்பரா இருந்தேன்," என்றேன்.

"சும்மா உக்காந்து எவ்வளவு நாளாச்சு?"

சும்மாவா? நான் எதற்குச் சும்மா உட்கார வேண்டும்? அப்படிக் கேட்க வாயைத் திறந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி தெரு போய்த் திரும்பி வந்து கேஸ் குழாயைத் தொட்டுப் பார்ப்பேனே, அது எப்போதிலிருந்து? டிவி பார்க்கும்போதுகூட என் கால் ஆடிக்கொண்டே இருக்கும், மகள் கத்துவாள், அது எப்போதிலிருந்து? பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். மகள் கொஞ்சம் தாமதமாக வந்தால் மனசுக்குள் ஒரு சாவு வீடே நடந்து முடிந்திருக்கும். இன்னும் தைக்க வேண்டிய அப்பர், கழுவாத பாத்திரம், வராத தண்ணீர் என்று தலைக்குள் ஒரு லைன் நிற்காமல் ஓடும். இதையெல்லாம் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் பெருமையாக நினைத்துக்கொள்வேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. ஊசி உடைவதற்கு எவ்வளவோ முன்னால் ஆரம்பித்த சங்கதி இது.

அவர் மாத்திரை கொஞ்சம் கொடுத்தார். அது வரும்போது ஓடாமல், எதிர்த்துச் சண்டை போடாமல், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லிக் கொடுத்தார். மூச்சை இழுக்கத்தான் நான் அதுவரை போராடிக்கொண்டிருந்தேன், வெளியே விட வேண்டும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. "அது உச்சிக்குப் போகும், அப்புறம் தானா இறங்கும். அதனால யாரும் சாக மாட்டாங்க" என்றார். கடைசியில், "அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஒருவழியாக வீட்டில் சொன்னேன். ஊசியைச் சொன்னேன், டிடெக்டரைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன். வீட்டுக்காரர் தட்டில் கையை வைத்தபடியே கேட்டார். வேலையை விடு என்று சொல்லவில்லை. "வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த டாக்டர் முன்னால் வீட்டுக்காரர் நாற்காலியின் நுனியில், இப்போதே எழுந்து ஓடப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "அது வரும்போது எப்படி இருக்கும்னு இவருக்கு நீங்களே சொல்லுங்க," என்றார் டாக்டர். நான் சொன்னேன். நெஞ்சு அடிப்பதை, விரல் மரப்பதை, மூச்சு இறங்காததை, இதோ செத்துவிட்டோம் என்று தோன்றுவதை, அது போன பிறகு வருகிற வெட்கத்தை. அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் டாக்டரைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தேன். முடித்துவிட்டுத் திரும்பினால், வீட்டுக்காரர் நாற்காலியை டாக்டர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அதான் மேடம்," என்றார்.

நான் ஏதோ தவறாகக் காதில் வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஒரு நாளு டிரம் கதவத் தொறந்தேன். உள்ள இருந்த வெஷக் காத்து மூஞ்சில அடிச்சிது. அவ்ளோதான் தெரியும். வெளிய இழுத்துப் போட்டு மூஞ்சில தண்ணி அடிச்சிருக்கானுங்க. வீட்ல சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினேன். அன்னிலருந்து இப்டித்தான். அந்தக் காத்து இன்னும் நெஞ்சுக்குள்ளயே நிக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்கேன். வெல்லம் துன்னா எறங்கும்னாங்க. டெய்லி துன்றேன். எறங்கல மேடம்."

வெல்லம்! டப்பாவில் போட்டு வைக்க வைக்கக் காணாமல் போகிறதே என்று மகளை எத்தனை தடவை திட்டியிருப்பேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்தான்.

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல? ஒரே வீட்ல குந்திக்கினு, ஒரே சோத்தத் துன்னுக்கினு, செத்துப் போயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"நீ சொன்னியா?" என்றார்.

என் வாய் அடைத்துப்போனது எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

அவருக்கும் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. என் அனுபவத்தில் அது ஒன்றும் பெரிய நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

வேலூரிலிருந்து ஆம்பூர் பஸ்ஸில் கூட்டம். ஜன்னல் பக்கம் அவர், பக்கத்தில் நான். பாதி வழி வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். டேனரிகள் இருக்கிற பக்கம் பஸ் திரும்பியதும் அந்த வாடை உள்ளே வந்தது. எங்களுக்கெல்லாம் அது மூக்கில் ஏறாத அளவுக்குப் பழகிய வாடை. அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தார். கை முட்டிகள் வெளுத்தன. நெற்றியில் வேர்வை குப்பென்று பூத்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார், சத்தம் வரவில்லை. அத்தனை பெரிய உடம்பு நடுங்கியது, சீட்டே சேர்ந்து ஆடியது.

நான் இத்தனை நாள் உள்ளேயிருந்துதான் அதைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் முறை. பார்க்க அவ்வளவு பயங்கரமாக இருந்தது. இப்படியா இருந்தேன் நான், இதை வைத்துக்கொண்டா தோசை சுட்டேன்? இவர் இதை வைத்துக்கொண்டா தினம் அந்த டிரம் முன்னால் போய் நின்றார்?

"செத்துடுவேனாடி?" என்றார். என் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் காட்டிய முதல் பயம் அதுதான்.

"மூச்ச வெளிய உடு மாமா. இழுக்காத, வெளிய உடு. மெதுவா. இன்னும் மெதுவா," என்றேன். என் நெஞ்சும் அதற்குள் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நானே எத்தினியோ வாட்டி செத்துப் பொழச்சி குந்திக்கினு இருக்கேன், நீ எங்க சாவப் போற?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வராமல் அழுகை வந்துவிட்டது. அவ்வளவு கூட்டத்தில், கண்டக்டர் பார்த்துக்கொண்டிருக்க, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அவரும் அந்த வாடைக்குள்ளேயே மூச்சை வெளியே விட்டுக்கொண்டு வந்தோம்.